வீட்டை நம்பிய வகுப்பு

இணையவழிக் கல்வியையும் வகுப்பறைக் கல்வியையும் ஒப்பிடும்போது பெரும்பாலும் பாடத்தைத்தான் கணக்கில் எடுக்கிறோம். திரையில் வரும் ஆசிரியர் நன்றாக விளக்குகிறாரா, படங்கள் தெளிவாக இருக்கின்றனவா, புரியாத இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடிகிறதா என்று கேட்கிறோம். இந்தக் கேள்விகளுக்குத் திரை நல்ல பதிலையே தருகிறது. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் பாடம் சென்னை அடையாற்றுக்கும் ஒன்றுதான், விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள நரிக்குடிக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு குழந்தை அந்தப் பாடத்தின் முன் வந்து உட்காருவதற்கும், உட்கார்ந்தபின் எழுந்து ஓடாமல் இருப்பதற்கும், தப்பாகப் போட்ட கணக்கை யாராவது பார்த்துத் திருத்துவதற்கும் வேண்டியதையெல்லாம் யார் தருவது என்று கேட்டால், இரண்டும் முற்றிலும் வேறு ஏற்பாடுகள் என்பது தெரியவரும். வகுப்பறையில் அதைப் பள்ளி தருகிறது. இணையவழியில் வீடு தர வேண்டியிருக்கிறது. எந்தக் குழந்தைக்கு எது உகந்தது என்பதைப் பாடத்தின் தரத்தைவிட, இந்தப் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இந்த முடிவுக்குத்தான் வர முடிகிறது.

நரிக்குடிப் பக்கத்து வீடு எதைத் தர முடியும்? அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கிழக்கே போகப் போக எல்லாம் வானம் பார்த்த பூமி. கிருதுமால் நதியில் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்த வருஷம் நெல் உண்டு. இல்லாத வருஷங்களில் மிளகாய், பருத்தி, குதிரைவாலி. அவையும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித்தான். தரிசாகக் கிடக்கும் நிலங்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. மற்றவர்களுக்கு நூறு நாள் வேலை, அதுவும் போதாதவர்களுக்கு வெளியூர். 2018இல் நிதி ஆயோக் பின்தங்கிய நிலையிலிருந்து முன்னேற வேண்டிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டுமே. பெற்றோர் இருவரும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டில், படிக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஆள் இருப்பதில்லை. வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தால் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் அது திரும்பி வரும்போது பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. மூன்றாவது படிக்கிற பிள்ளையின் முறை வருவதற்குள் சார்ஜும் தீர்ந்துவிடும், நெட்டும் தீர்ந்துவிடும். பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் தண்ணீர் எடுப்பதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. பள்ளிக்கூட நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று வீடு விட்டுக்கொடுத்த நேரம். அந்த நேரத்தை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, அவள் கையில் ஒரு திரையைக் கொடுத்தால், அவள் அதை எப்போது பார்ப்பாள்?

தமிழகக் கல்வியின் கடந்த எழுபது ஆண்டுகளை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் ஒரு தொடர்ச்சி புலப்படும். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பாடநூல், சீருடை, பஸ் பாஸ், பிளஸ் ஒன் மாணவர்களுக்குச் சைக்கிள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவு வரை வந்திருக்கிறது. வெவ்வேறு கட்சிகள், வெவ்வேறு காலங்கள். ஆனாலும் ஒவ்வொரு திட்டமும், பிள்ளை படிப்பதற்கு வீடு தந்தாக வேண்டிய ஏதோ ஒன்றை வீட்டின் கணக்கிலிருந்து எடுத்துப் பள்ளியின் கணக்கில் எழுதியது. வீடு தர வேண்டியது குறையக் குறையத்தான் ஏழை வீட்டுப் பிள்ளை படிக்க முடியும் என்ற புரிதல் இங்கே அரசியல் வேறுபாடுகளைத் தாண்டி வேரூன்றியிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவதில் தமிழகம் முன்னே நிற்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை. வீட்டிலிருந்தபடி படிக்கும் இணையவழிக் கல்வி இந்தத் திசைக்கு நேர் எதிரானது. இடம், நேரம், கருவி, கண்காணிப்பு, ஊக்கம் ஆகிய அனைத்தையும் அது திரும்ப வீட்டின் கணக்கில் எழுதுகிறது.

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் 19 மாதங்களுக்கு மேல் ஓடிவிட்டன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிவான குழந்தை, ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் ஒரு நாளும் உட்காராமலேயே இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தது. இந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. பொருளாதார ஆய்வாளர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வசதி குறைந்த குடியிருப்புகளைச் சேர்ந்த சுமார் 1,400 பிள்ளைகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், கிராமப்புறப் பிள்ளைகளில் தொடர்ந்து இணையவழியில் படித்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. 37 சதவீதத்தினர் எதையுமே படிக்கவில்லை. தமிழகத்துக்கென்றே இன்னும் நுட்பமான சான்று ஒன்று உண்டு. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி வயதுள்ள சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் கணிதத்தில் சுமார் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் சுமார் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். புள்ளியியல் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம்: கல்வித் துறையில் ஒரு புதிய முயற்சி 0.2 அளவுக்கு முன்னேற்றம் தந்தாலே அது பெரிய வெற்றியாகக் கொண்டாடப்படும். கணிதத்தில் நேர்ந்த சரிவு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மொழியில் சரிவு குறைந்ததற்கும் காரணத்தை ஊகிக்கலாம். தமிழ் வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பின்னக் கணக்கை வீட்டில் யாரும் பேசுவதில்லை. வீடு எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்பதன் அளவாகவே அந்த இரண்டு எண்களையும் நான் வாசிக்கிறேன்.

இதெல்லாம் வறுமையின் விளைவு, இணையவழிக் கல்வியின் குறையல்ல என்று ஒருவர் சொல்லக்கூடும். போன், நெட் எல்லாம் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது அந்த வாதம். அதைச் சோதிக்க நெதர்லாந்துதான் பொருத்தமான இடம். ஐரோப்பாவில் வீட்டு இணைய வசதி மிகச் சிறப்பாக உள்ள நாடுகளில் அது ஒன்று. பள்ளிகளை மூடியதும் எட்டு வாரங்கள்தான். எங்செல், ஃப்ரே, வெர்ஹாகன் ஆகிய ஆய்வாளர்கள் சுமார் 3.5 லட்சம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களை மூடலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். அந்த எட்டு வாரங்களில் வீட்டிலிருந்தபடி பிள்ளைகள் கற்றது மிகக் கொஞ்சம், அல்லது ஒன்றுமில்லை என்பதே அவர்கள் கண்டது. அதோடு, படிப்புக் குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல். கருவி இருந்தது, வேகமான இணைப்பு இருந்தது, பாடம் வந்துகொண்டிருந்தது. வித்தியாசத்தை உண்டாக்கியது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெற்றோர் இருந்தார்களா இல்லையா என்பது. நெதர்லாந்தின் குறைந்த படிப்புள்ள வீட்டுக்கே இந்த நிலை என்றால், முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள நரிக்குடி வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் வலுவான ஒரு மறுப்பு உண்டு. பெருந்தொற்றில் நடந்தது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. முறையாகத் திட்டமிட்ட இணையவழிக் கல்வியை அதைக் கொண்டு எடைபோடக் கூடாது என்பார்கள். நியாயமான மறுப்பு. அதனால் பெருந்தொற்றுக்கு முன்பே, நிதானமாகத் திட்டமிட்டு நடத்தப்பட்ட ஓர் ஏற்பாட்டைப் பார்க்கலாம். அமெரிக்காவின் டிவ்ரை பல்கலைக்கழகம் ஒரே பாடத்தை இணையத்திலும் வகுப்பறையிலும் ஒருசேர நடத்திவந்தது. பாடத்திட்டமும் பாடநூலும் பயிற்சிகளும் ஒன்றே. பெட்டிங்கர், ஃபாக்ஸ், லோப், டெய்லர் ஆகியோர் அங்கே படித்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு: வகுப்பறையில் படித்திருக்கக்கூடிய ஒரு மாணவர் அதே பாடத்தை இணையவழியில் எடுத்தால், நான்கு புள்ளி அளவுகோலில் அவருடைய மதிப்பெண் 0.44 புள்ளி குறைகிறது. ஏற்கெனவே படிப்பில் பின்தங்கியவர்களுக்குக் குறைவு இன்னும் அதிகம். இவர்கள் குழந்தைகள் அல்லர், வளர்ந்தவர்கள், பணம் கட்டிப் படிக்கிறவர்கள். அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் இணையவழி மாணவர்கள் சற்று முந்தியே நின்றார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கல்லூரி மாணவர்களையும் தொழில்பயிற்சி பெறுவோரையும் பற்றியவை. அவற்றிலும் இணையத்தோடு நேரடி வகுப்பும் கலந்த ஏற்பாடுகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் அதில் மிகச் சொற்பம் என்று தொகுத்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

இப்போது எல்லா வீட்டிலும் போன் வந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். உண்மைதான், 2020இல் இருந்த நிலை இன்று இல்லை. ஆனால் பிரதம் அமைப்பு நடத்தும் ஏசர் என்ற கிராமப்புறக் கல்விக் கணக்கெடுப்பின் 2024 அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுவதும் கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிகிறது. கேட்பதற்கு முந்தைய வாரத்தில் அதைப் படிப்பு தொடர்பான எதற்காவது பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. பெரியவர்களின் கவனத்தையே இழுத்துப் பிடித்து வைப்பதற்காக உருவாக்கப்பட்ட கருவி அது. அதைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிட்டு, நீயே உன்னைக் கட்டுப்படுத்திக்கொள் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. பள்ளிக்கூட மணி, வருகைப் பதிவேடு, பக்கத்து பெஞ்சுத் தோழன், ஆசிரியரின் பார்வை ஆகியவை சேர்ந்து செய்யும் வேலையை ஒரு பிள்ளையின் மனவுறுதி ஒன்றே செய்துவிடாது.

சரிவு எப்படி மீண்டது என்பதுதான் இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆனால் இது போதிய அளவு பேசப்படவில்லை. மேலே சொன்ன தமிழக ஆய்வின் இரண்டாம் பகுதி, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டதைக் காட்டியது. இழப்பு எளிய வீட்டுப் பிள்ளைகளையே அதிகம் தாக்கியது. மீட்சியோ அவர்களையே அதிகம் தூக்கிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. அந்தந்த ஊரிலேயே படித்துவிட்டு வீட்டிலிருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். திண்ணை, சமுதாயக்கூடம், கோயில் வாசல், எது கிடைத்ததோ அங்கே. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இப்படிச் சேர்ந்தார்கள். போட்ஸ்வானாவில் நடந்த சோதனையும் இதையே வேறு வழியில் சொல்கிறது. பள்ளி மூடிய காலத்தில் சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியில் கணக்குகள் மட்டும் அனுப்பினார்கள். வேறு சிலருக்கு அதோடு வாரம் ஒருமுறை ஏறத்தாழ இருபது நிமிடம் ஒருவர் போனில் அழைத்துப் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் பலனில்லை. ஒரு மனிதக் குரல் கேட்ட வீடுகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள். அந்தப் போன் சாதாரண பட்டன் போன். தூரமோ கருவியோ அங்கே தடையாக இருக்கவில்லை. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் இருந்தார்.

இவ்வளவையும் சொல்லி வகுப்பறையை உயர்த்திப் பிடித்துவிட முடியாது. பெருந்தொற்றுக்கு முன்பே, 2018இல், தமிழகக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடிந்தவர்கள் 10.2 சதவீதமே என்று ஏசர் சொன்னது. 2022இல் அது 4.8 ஆகச் சரிந்தது. 4.8க்குப் பள்ளி மூடலைக் காரணம் காட்டலாம், 10.2க்கு எதைக் காட்டுவது? மானாவாரிக் கிராமங்களின் ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ அலுவலக வேலைக்கோ போய்விட்டால் அன்று ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பாடநூல் ஐந்தாம் வகுப்புக்குரியதாக இருக்கும், பிள்ளை இரண்டாம் வகுப்பு நிலையில் நிற்கும், பாடம் அதன் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். தொழில்நுட்பத்தால் உண்மையாக உதவ முடிகிற இடம் இதுதான். டெல்லியில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் முரளிதரன், சிங், கானிமியன் ஆகியோர் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளைக் கொண்டு செய்த ஆய்வு இதற்குச் சான்று. ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று கணினி கண்டறிந்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியது. நான்கரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க முன்னேற்றம். இணையவழிக் கல்வியை ஆதரிப்போர் இந்த எண்ணை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது நடந்தது வீட்டில் அல்ல. பிள்ளைகள் ஒரு மையத்துக்கு வந்தார்கள். பாதி நேரம் கணினி, மீதி நேரம் பன்னிரண்டு பதினைந்து பேர் கொண்ட குழுவாக ஓர் உதவியாசிரியரோடு படிப்பு. இடத்தையும் நேரத்தையும் ஆளையும் மையம் தந்தது. கணினி தான் நன்றாகச் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் செய்தது.

வயது ஏற ஏற இந்தக் கணக்கு மாறும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ ஆசிரியர் இல்லாத மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் மாணவிக்கு, நல்ல காணொலிப் பாடம் பெரிய உதவி. அரசின் மணற்கேணி செயலியில் அத்தகைய பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு, சிற்றூரில் இருந்துகொண்டே, வேலை பார்த்துக்கொண்டே படிக்க வழி செய்திருக்கிறது. அந்த வாசலைத் திறந்தது பெரிய காரியம். ஆனால் அங்கேயும் தேர்வை நேரில் மையத்துக்கு வந்துதான் எழுத வேண்டும். படிக்கிறவர்களும் இலக்கு தெரிந்து, தாமாக விரும்பி வந்தவர்கள். அவர்களுக்குப் பொருந்துவதை எட்டு வயதுப் பிள்ளைக்கும் பொருத்தினால் தவறாகிவிடும். பிளஸ் டூ மாணவிக்கும்கூட அந்தக் காணொலி வீட்டுப் போனில் வருவதைவிட, பள்ளியின் ஹைடெக் லேபில், குறிப்பிட்ட பாடவேளையில், கூடப் படிப்பவர்களோடு, பொறுப்பாக ஓர் ஆசிரியர் இருக்க வருவதே மேல். அவர் இயற்பியல் ஆசிரியராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு தந்தபோது அரசு ஒரு செலவை வீட்டிடமிருந்து வாங்கிக்கொண்டது. இடத்தையும் நேரத்தையும் டேட்டா கார்டில் அனுப்ப முடியாது.

நரிக்குடி ஒன்றியம் போன்ற பகுதிகளுக்கு இது வெறும் ஆய்வுக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. பிறப்பு விகிதம் குறைவதாலும், குடும்பங்கள் வெளியூர் போவதாலும், ஆங்கில வழிப் பள்ளி வேன்கள் ஊருக்குள் வருவதாலும் சிறு பள்ளிகளில் சேர்க்கை சுருங்குகிறது. 2019இல் மாணவர் சேர்க்கை இல்லாத அல்லது மிகக் குறைவாக இருந்த 46 பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகங்களாக மாற்றுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் எதற்கு, ஒரு திறன்பலகையும் இணைப்பும் போதாதா என்ற கேள்வி இனி அடிக்கடி எழும். செலவைக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு அது நியாயமாகவே தோன்றும், ஏனென்றால் பள்ளியின் கணக்கில் குறையும் செலவு வீட்டின் கணக்கில் ஏறுவதை எந்த அரசு ஏடும் பதிவு செய்வதில்லை. திறன்பலகை வரட்டும், செயலி வரட்டும், லேபில் கணினிகள் பழுதில்லாமல் ஓடட்டும். ஆனால் அவற்றைக் காட்டி ஒரு காலிப் பணியிடத்தையும் நிரப்பாமல் விடக் கூடாது. சேர்க்கை குறைந்த பள்ளியை அடுத்த ஊரோடு இணைத்தே ஆக வேண்டுமென்றால், சீமைக்கருவேலங்காட்டு வழியே ஏழு வயதுப் பிள்ளை நடக்காமல் போய்வர வண்டி ஏற்பாடும் அதே உத்தரவில் இருக்க வேண்டும். இல்லம் தேடிக் கல்வி பின்னாளில் அளவில் சுருக்கப்பட்டது. பலன் தந்ததாக அளந்து நிறுவப்பட்ட திட்டங்கள் நம்மிடம் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்றான இதை, பின்தங்கிய ஒன்றியங்களிலாவது முழு அளவில், தன்னார்வலர்களுக்குக் கௌரவமான ஊதியத்தோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். கல்வித் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கப்படும் பணத்தில் முதல் பங்கு அதற்குப் போகட்டும்.